கீழ் ஓஸ்

ஆம்னிக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்.
சூடு ஏறினால் முள்ளுக்கு முன்னால் தொடைக்குத் தெரியும்.
எர்ணாவூர் பாலம் இறங்கும்போதே தெரிந்தது.
ஓட்டிக்கொண்டே வந்தேன்.

கே.வி.கே. குப்பம் பக்கம்
கண்டெய்னர்கள் நகராத வரிசையில்
முள் சிவப்பைத் தொட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.
பின்னால் காலி ஃப்ரீசர் பெட்டி,
அதன் கண்ணாடி மூடியில் மே மாதத்து வானம்.

ஓரம் கட்டி அணைத்தேன்.
சீட்டைத் தூக்கியதும் முகத்தில் ஆவி.
துருவும் ரப்பரும் சேர்ந்து வெந்த நாற்றம்.

போன் அடித்தது.
"எங்க வர்றீங்க?"
"வண்டி சூடாயிடுச்சும்மா."
"அப்பாவை ஐஸ் மேல வச்சிருக்கோம்.
காசிமேட்லேந்து ரெண்டு பார் எடுத்தாந்தாங்க.
ஒண்ணு கரைஞ்சிடுச்சு."
சொல்லும்போதே உடைந்தாள்.

முன்னால் நின்ற டிரெய்லரின் கிளீனர்
நெல்லூர்க்காரன், முழங்கையில் பச்சை குத்தி
மல்லிகார்ஜுனா என்று தன் பெயரையே எழுதியிருந்தவன்,
ஐஸ் மிதக்கும் பாட்டிலோடு ஓடி வந்தான்.
"போஸ்தானு அண்ணா, கூல் ஆயிடும்."
பாட்டில் சாய்ந்துவிட்டது.

"ஊத்தாதீங்க!"
போனிலிருந்து அப்படி ஒரு கத்தல்.
மல்லிகார்ஜுனா கையை இழுத்துக்கொண்டான்.
"சுடுற ஹெட்ல சில்லுனு பட்டா விரிசல் விட்டுடும்.
மூடியைத் தொடாதீங்க.
தண்டையார்பேட்டையில ரேடியேட்டர் கடை வச்சிருக்கேன்.
பன்னெண்டு வருஷமா நான்தான் பாக்குறேன்."
அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஃபேன் சுத்துதா?"
சுத்தியது.
"பெல்ட்டு?"
இருக்கிறது.
"கூலன்ட்டா, தண்ணியா?"
தண்ணி.
"மணலி போர்த் தண்ணியா?"
நான் பேசவில்லை.
"அதான்."

"மேல் ஓஸைத் தொடுங்க."
தொட்டதும் விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.
"கீழ் ஓஸ்?"
தொட்டேன்.
அன்றைக்கு அந்த ரோட்டில் சூடேறாமல் கிடந்தது
அது ஒன்றுதான்.

"வால்வு மாட்டிக்கிச்சு" என்றாள்.
"தண்ணி இருக்கு. போறதுக்கு வழி இல்ல."
அவளுக்குப் பின்னால் யாரோ
மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம்.
"பத்தாம் நம்பர் ஸ்பேனர், ரெண்டு போல்ட்டு.
எடுத்துடுங்க. இல்லாமலே வீடு வரைக்கும் ஓடும்.
ஆனா ஆறட்டும். அரை மணி நேரம்."
"அரை மணி நேரமாம்மா? அங்க ஐஸ்..."
"ஆறட்டும்."

காத்திருந்தோம்.
மணலிப் பக்கம் ஆலைக் குழாயின் உச்சியில்
பகலிலும் தீ எரிந்துகொண்டிருந்தது.
கண்டெய்னர்கள் ஒரு வண்டி நீளம் நகர்ந்து நின்றன.
மல்லிகார்ஜுனாவின் லாரி ஹாரன் அடித்தது.
அவன் போகவில்லை.

கோணிச் சாக்கை மூடிமேல் போட்டு
கால் திருகு. புஸ்.
இன்னும் கால் திருகு.
பிறகு போல்ட்டுகள். ஒன்று எளிதாக வந்தது,
ஒன்று என் விரல் தோலையும் கொண்டு வந்தது.
உள்ளே வால்வு
செம்மண் அப்பி, இறுக்கி மூடியபடி.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பாட்டிலில் ஐஸ் எப்போதோ தீர்ந்து
தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது.
இப்போது அது ஆகும்.
ஊற்றினோம். இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி ஊற்றினோம்.

புதுவண்ணாரப்பேட்டையில்
தெருவை அடைத்துப் பந்தல்.
நான்கு பேர் பெட்டியை இறக்கினார்கள்.
பிளக் செருகியதும் உறுமி, நடுங்கி,
மெல்லக் குளிரத் தொடங்கியது.
அடியில் பழைய ஐஸின் ஈரம் வாசல்வரை வந்திருந்தது.

"வால்வு எங்க?"
நாற்பது வயதிருக்கும். பெயர் கோமளேஸ்வரி என்றார்கள்.
எடுத்துக் கொடுத்தேன்.
டீ போடும் அண்டாவிலிருந்து
ஒரு டம்ளர் கொதிநீர் மொண்டு
உள்ளே போட்டாள்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
அதையே பார்த்தாள்.
வேலை தெரிந்தவர்கள் பார்க்கிற பார்வை.

யாரோ "வாம்மா, அப்பாவைத் தூக்கப் போறாங்க" என்றார்கள்.
அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

திறந்தால் ஒரு நிமிடத்துக்குள் திறக்கும்.
தண்ணீர் மட்டும் சிவந்தது.

"திறக்கலை" என்றாள் என்னிடம்.
டம்ளரைக் கீழே வைத்தாள்.
"நாளைக்குக் கடை லீவு.
பதினாறு முடிஞ்சு வாங்க, ஒரிஜினல் போட்டுத் தரேன்.
அதுவரைக்கும் போர்த் தண்ணி வேணாம்."

எழுந்து உள்ளே போனாள்.
பிறகுதான் கேட்டது.